ஹபீபா கொடுக்காத பால்

பழைய பல்லாவரம் மைதீன் பிச்சையை வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பெல்ட்டும் செருப்பும் தார்ப்பாயில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோல் ஷெட்டில் முப்பது வருஷம் உழைத்த உடம்பு, வயது அறுபத்தாறு. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் சொந்தபந்தம் என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யாருக்கு யார் என்ன முறை, எந்தப் பெண் எந்த வீட்டில் வாக்கப்பட்டாள், அவள் மாமியாருக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், அத்தனையும் நுனி நாக்கில் வைத்திருப்பார். கல்யாணம் பேசுகிற இடத்தில் முறை தட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால் பள்ளிவாசல் ஹஜ்ரத்தே அவருக்கு ஆள் விடுவார். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அந்த மனுஷனுக்கு வந்த சோதனை வண்டலூரில் ஆரம்பித்தது.

போன பள்ளி லீவில் பேத்தி இஃப்ராவை மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப் போயிருந்தார். மகன் ஷாகுல் கத்தாரில் ஏசி மெக்கானிக். மருமகள் ரைஹானாவும் ஆறு வயது இஃப்ராவும் இவர் வீட்டோடு இருக்கிறார்கள். அங்கே ராத்திரியில் உலாவுகிற பிராணிகளுக்கென்று இருட்டுக்கூடம் ஒன்று உண்டு. உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். மற்ற பிள்ளைகள் தேவாங்கைப் பார்த்துவிட்டோம், மரநாயைப் பார்த்துவிட்டோம் என்று கத்திக்கொண்டு ஓடின. இஃப்ரா மட்டும் கையை முன்னால் நீட்டிக்கொண்டு, விரல்களை அகல விரித்து, நின்ற இடத்திலேயே நின்றாள்.

“லைட்டு எப்போ தாத்தா போடுவாங்க?” என்று கேட்டாள்.

அப்படி விரல் விரித்து நிற்கிற கையை மைதீன் பிச்சை ஏற்கனவே பார்த்திருக்கிறார். தம்பி ஜமாலின் கை அது. அதற்கும் முன்னால், காதர் பெரியத்தாவின் கை.

காதர் பெரியத்தா என்பவர் மைதீன் பிச்சையின் அத்தாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, அண்ணன். அவருக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. ஒருநாள் மஃரிபு நேரத்தில் தோல் ஷெட்டுச் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்து இடுப்புக்குக் கீழே வெந்துபோனார். ஜின் பிடித்துத் தள்ளிவிட்டது என்று சொன்னார்கள். அந்தி நேரத்தில் அவர் புளியமரத்தடியில் ஒன்றுக்குப் போனாராம், அதற்குக் கோபமாம். கோவளம் தர்காவுக்குக் கூட்டிப் போய் நாற்பது நாள் தங்கவைத்தார்கள். கறுப்புக் கயிறு கட்டினார்கள். ஒரு ஆடு நேர்ந்துகொண்டார்கள். கண் வரவில்லை. ஜின் போகவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்தது ஜமால். அது காலம் கொஞ்சம் மாறிய காலம். ஆரம்ப சுகாதார நிலையம் வந்துவிட்டது. கம்பவுண்டர் சுவிசேஷமுத்து, இது ஜின்னும் இல்லை கின்னும் இல்லை, சத்துக்குறைவு, ஈரல் கொடுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டு ஈரலைச் சுட்டு, பிழிந்த சாற்றை இரண்டு சொட்டு கண்ணில் விட்டு, மீதியை ஜமால் வாயில் திணிப்பார்கள். முருங்கைக்கீரை தின்று தின்று அவனுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் தன் பங்குக்கு அம்மன் கோவிலில் வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சார்த்திவிட்டு வந்தாள். யார் எதைச் சொன்னாலும் செய்தார்கள். இருபத்தோராம் வயதில் ஜமால் அந்தி மயங்குகிற நேரத்தில் தண்டவாளம் தாண்டும்போது போய்ச் சேர்ந்தான்.

இவ்வளவும் மனதில் வந்து மோத, மைதீன் பிச்சை இஃப்ராவைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுவாரமே ரைஹானாவையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். பாப்பா பயந்துகொள்வாள், அத்தை கூட இருந்தால் தேவலை என்று மகள் ஷபீனாவையும் கூட்டிப் போனார்.

அங்கே டாக்டர் தேவதர்ஷினி என்று ஒரு சின்ன வயதுப் பெண். பிள்ளையின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். ஷாகுலும் ரைஹானாவும் அத்தை மகள், மாமன் மகன். ரைஹானா, மைதீன் பிச்சையின் ஒரே தங்கை பரிதாவின் மகள். அப்படியானால் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள் என்று டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

மைதீன் பிச்சை சொல்ல ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினார் டாக்டர். அதுவும் போதவில்லை. இத்தனை தலைமுறை சொல்லி நான் யாரையும் பார்த்ததில்லை பாய் என்று ஆச்சரியப்பட்டார். மைதீன் பிச்சைக்கு அந்த இடத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் டாக்டர் மூன்று பேரை மட்டும் கறுப்பாக நிரப்பினார். காதர் பெரியத்தா சதுரம், ஜமால் சதுரம், இஃப்ரா வட்டம். தாள் முழுக்க இரட்டைக் கோடாக இருந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தத் தாளைப் படிக்க எழுத்து தேவைப்படவில்லை. இரட்டைக் கோட்டுக்குக் கீழேதான் கறுப்பு விழுந்திருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது யார் கோபமும் இல்லை, யார் குற்றமும் இல்லை. ஒரு குறை ரத்தத்தில் ஒளிந்து வருகிறது. ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் அந்த இரண்டும் சந்திப்பது சுலபம்.

“மருந்து என்னம்மா?” என்று கேட்டார் மைதீன் பிச்சை.

“இப்போதைக்கு இல்ல பாய். ஆராய்ச்சி நடக்குது. பாப்பாவை கிளாஸ்ல முன் பெஞ்சுல உக்கார வைங்க. சாயங்காலத்துல தனியா விடாதீங்க.”

“ஈரல், கீரை?”

“குடுக்கலாம். ஆனா இதுக்கு உதவாது.”

அவர் மனதில் ஓடியதை அப்படியே சொல்வதென்றால், ஜின் என்று சொன்ன காலத்தில் செய்ய வேலை இருந்தது. கோவளம் வரைக்கும் நடக்கலாம், ஆட்டை நேரலாம். சத்துக்குறைவு என்று சொன்ன காலத்தில் கசாப்புக்கடை வாசலில் போய் நிற்கலாம். இப்போதுதான் நிஜம் என்னவென்று தெரிந்திருக்கிறது. செய்ய ஒன்றும் இல்லை. ரைஹானா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

செய்ய ஒன்றே ஒன்று இருந்தது. அதைத்தான் டாக்டர் கடைசியில் சொன்னார். வீட்டில் இன்னும் யாருக்காவது சொந்தத்தில் பேசி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஷபீனா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் பரிதாவின் மகன் அக்தருக்கும் ஐந்து வாரத்தில் நிக்காஹ். முடிச்சூர் சாலையில் மண்டபம் பேசியாயிற்று. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று இரண்டும் குழந்தைகளாக இருக்கும்போதே முடிவான பேச்சு. டாக்டர், இஃப்ராவின் ரத்தம் எடுத்திருக்கிறோம், முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும், அது வந்ததும் இவர்கள் இரண்டு பேரையும் பரிசோதிக்கலாம், அதுவரைக்குமாவது தள்ளிப்போடுங்கள் என்றார். தாளை நகல் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மேற்குத் தாம்பரத்தில் தங்கை வீடு. மைதீன் பிச்சை மறுநாளே போனார். பரிதா அண்ணனைப் பார்த்ததும் டீ போட்டாள், சீப்பாக வாழைப்பழம் எடுத்து வைத்தாள். இவர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். ஷபீனாவுக்கும் அக்தருக்கும் என்று தொடங்கும்போதே அவள் முகம் மாறிவிட்டது. எம்பொண்ணை எடுத்து ஏழு வருஷம் ஆகுது, இப்போ எங்க முறை வந்தப்போ காயிதத்தைக் காட்டுறீங்களா என்று கேட்டாள். இஃப்ராவுக்குப் பார்வை பட்டிருக்கிறது, செல்போன் கொடுத்துக் கண்ணைக் கெடுத்தீர்கள், கோவளத்துக்குக் கூட்டிப் போங்கள் என்றாள்.

“நாலுல ஒண்ணுன்னு டாக்டரம்மா சொல்றாங்க பரிதா.”

“அந்த நாலுல ஒண்ணு எதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அது அல்லாவுக்குத்தான் தெரியும். அப்புறம் இன்னாத்துக்கு நீங்க நடுவுல பூந்துகினு கீறீங்க?”

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவள் இவரிடம் கேட்டுவிட்டாள். டீ ஆறிப்போய்விட்டது. அவர் எழுந்து வந்துவிட்டார்.

கத்தாருக்குப் போன் போட்டார். ஷாகுல், இதைப் பெரிதாக்கி என் குடும்பத்தைப் பிரித்துவிடாதீர்கள் அத்தா என்று கெஞ்சினான். தன்னால்தான் பிள்ளைக்கு வந்தது என்று ரைஹானா தினமும் அழுகிறாளாம். பரிதா மாமியும் கோபித்துக்கொண்டு அவளைக் கூட்டிப் போய்விட்டால் என்ன செய்வது என்றான். ஷபீனாவிடம் கேட்டார். அவள் ஆஸ்பத்திரியில் எல்லாம் கேட்டவள். நீங்கள் சொன்னால் காத்திருக்கிறேன் அத்தா, ஆனால் அவரிடமும் மாமியிடமும் நீங்களே உண்மையைச் சொல்லிச் சம்மதிக்க வையுங்கள் என்றாள். அதுதான் முடியவில்லையே.

அந்த வெள்ளிக்கிழமை சந்தையில் பக்கத்துக் கடை ஜெயவேலுவிடம் மனதைக் கொட்டினார். ஜெயவேலு, அஞ்சம்மாளின் மகன். நிலமெல்லாம் பிளாட்டாகிப் போனபிறகு பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர். சின்ன வயதிலிருந்து சிநேகிதம்.

“டாக்டரு சொன்னா நம்ம வூட்டுப் பொம்பளைங்க எங்க கேப்பாங்க மச்சான்,” என்றார் ஜெயவேலு. “எங்கம்மா கடைசி வரைக்கும் மாத்திரையைத் திருநீறுல வச்சுத்தான் முழுங்குச்சு. உங்க ஹஜ்ரத்து கூடாதுன்னு சொன்னா உந்தங்கச்சி கேக்கும்ல. அவரைச் சொல்ல வையேன்.”

ஜெயவேலு பேச்சுவாக்கில் சொன்னது இது. மைதீன் பிச்சை அதைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி தொழுகைக்கு நிற்கும்போதுகூட அதே நினைப்பு. மார்க்கத்தில் மாமன் மகளைக் கட்டலாம், அத்தை மகளைக் கட்டலாம், தடை இல்லை. ஆனால் ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் கட்டக்கூடாது. வேறு வேறு வயிற்றில் பிறந்திருந்தாலும் பால் குடித்துவிட்டால் அண்ணன் தங்கை. அதில் இரண்டு பேச்சே கிடையாது. முறை தெரிந்த மனுஷன், அதனால் வழியும் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அக்தர் பிறந்தபோது பரிதாவுக்கு விஷக்காய்ச்சல். இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த இருபது நாளும் பிள்ளை மைதீன் பிச்சை வீட்டில்தான் இருந்தது. அவர் மனைவி ஹபீபாவும் அப்போது பிள்ளை பெற்றவள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஹபீபா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சாட்சி சொல்ல அவரைத் தவிர யாரும் இல்லை.

அவர் ஹஜ்ரத்திடம் போய், ஹபீபா அக்தருக்குப் பால் கொடுத்தாள், பல தடவை கொடுத்தாள், இத்தனை நாளும் மறந்துபோயிருந்தேன் என்றார். ஹஜ்ரத் பதறிப்போனார். வேறு யாராவது சொல்லியிருந்தால் துருவித் துருவிக் கேட்டிருப்பார். சொன்னவர் மைதீன் பிச்சை. நல்லவேளை இப்போதாவது ஞாபகம் வந்ததே, நிக்காஹ் கூடாது, நானே சொல்லி அனுப்புகிறேன் என்றுவிட்டார்.

மூன்று நாள். மேற்குத் தாம்பரத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பரிதா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று ரைஹானா சொன்னாள். அக்தர் ஷபீனாவுக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டானாம். அதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஷபீனா அறையை விட்டு வெளியே வரவில்லை. தாய் அக்தருக்குப் பால் கொடுத்த கதை பொய் என்று அவளுக்குத் தெரியாது. அத்தா அவளிடமும் சொல்லவில்லை. ரகசியம் ஒரு வாயில் நிற்பதுதான் நல்லது என்று நினைத்தார். கல்யாணம் நின்றுபோனதில் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. செத்துப்போனவளைச் சாட்சிக்கு இழுத்த உறுத்தல் சோறு இறங்கவிடாமல் செய்தது.

நான்காம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஆபீஸ் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனால், பரிதா உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அக்தர். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. அண்ணனைப் பார்க்காமல் ஹஜ்ரத்தைப் பார்த்தே பேசினாள்.

“எங்க மச்சி ஹபீபாவுக்குப் புள்ள செத்துப் பத்து நாளு. பால் கட்டிகினு நெஞ்சு கல்லாப் போச்சு, காய்ச்சலு. பல்லாவரம் மார்க்கெட்டுல ரெண்டு மொழம் மல்லிப்பூ வாங்கியாந்து, நெஞ்சுல வச்சு வெள்ளைத்துணியால இறுக்கிக் கட்டினது நான். நெறமாசம் எனக்கு. மூணு நாளு பூ மாத்தி மாத்திக் கட்டுனேன். பால் வத்திப்போச்சு. அதுக்கப்புறம் பன்னெண்டு நாளு கழிச்சுத்தான் இவன் பொறந்தான். வத்துன மாருல எங்கேர்ந்து ஹஜ்ரத் பால் வரும்?”

பரிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினாள்.

“ஆஸ்பத்திரில இருந்து நான் சொல்லியனுப்பினேன், மச்சி, புள்ளைக்கு உன் நெஞ்சைக் காட்டிப் பாரேன், சுரந்தாலும் சுரக்கும்னு. காட்ட மாட்டேன்னு அழுதுச்சாம். செத்த புள்ள ஞாபகம். பவுடர் பால்தான் கரைச்சுக் குடுத்தாங்க. வாங்கியாந்தது எங்கண்ணன்தான். கேளுங்க.”

ஹஜ்ரத் திரும்பி, மைதீன் பாய், தங்கச்சி சொல்றது நெசமா என்று கேட்டார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். ஹபீபா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதது அப்போது மைதீன் பிச்சையின் கண் முன்னால் நின்றது. அந்த வீடு முழுக்க வாடிய மல்லிகை வாடை அடித்தது. அவர்தான் எப்படி அதை மறந்தார்? மறக்கவில்லை. பரிதாவுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்துவிட்டார். ஊர் உறவையெல்லாம் நினைவில் வைத்திருக்கிற மனுஷன், தன் கூடப்பிறந்தவளுக்கும் அதே ரத்தம், அதே ஞாபகம் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

கடைசியில் சட்டைப்பையிலிருந்து டாக்டர் கொடுத்த தாளை எடுத்து மேஜை மேல் விரித்தார். இதுக்காகத்தான் சொன்னேன் என்று வட்டத்தையும் சதுரத்தையும் காட்டினார். ஹஜ்ரத் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இதை முதல் நாளே என்னிடம் கொண்டு வந்திருக்கக் கூடாதா பாய் என்றார். வைத்தியர் பேச்சைக் கேட்காதே என்று எந்த மார்க்கம் சொல்கிறது, கூடும் என்பது வேறு, கட்டித்தான் ஆகவேண்டும் என்பது வேறு, நானே தங்கச்சியிடம் பேசியிருப்பேனே என்று வருத்தப்பட்டார். பரிதா பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுத்து, ரத்தம் பார்த்து, பிறகு வைத்துக்கொள்ளலாமே அம்மா என்றார்.

பரிதா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

“இந்தக் கட்டமெல்லாம் யாரு சொல்லிப் போட்டது? டாக்டரம்மா காதர் பெரியத்தாவைப் பாத்துருக்காங்களா? ஜமாலைப் பாத்துருக்காங்களா? இவரு சொன்னாரு, அவங்க எழுதுனாங்க. செத்துப்போன மச்சி பாலையே பொய்யாச் சொன்னவரு, இதுல எத்தினி பொய்யி சொன்னாரோ.”

அக்தர் நல்ல பையன். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. விஷயம் புரியாதவன் இல்லை. ஆனால் அவனும் தலையைத் தூக்கவில்லை. அம்மா சொல்றதுதான் மாமா என்று மட்டும் சொன்னான். ஹஜ்ரத் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பால் உறவு இல்லை என்றானபின், நிக்காஹ் கூடாது என்று தான் சொல்லியனுப்பியதை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். மார்க்கத்தில் தடை இல்லை என்று அந்த அறையிலேயே சொல்லிவிட்டார். மைதீன் பிச்சை போய்ப் பால் கதை சொல்லியிருக்காவிட்டால் அந்த வார்த்தை யார் வாயிலிருந்தும் வந்திருக்காது. இப்போது அது பரிதாவுக்குக் கையில் கிடைத்த அனுமதிச் சீட்டு மாதிரி ஆயிற்று. ஹஜ்ரத்தே கூடும்னுட்டார் என்று அன்று பொழுது போவதற்குள் சொந்தம் முழுக்கப் போன் போய்விட்டது.

ஷபீனா ஒருத்திதான் அவருக்கு மிச்சம். அவள் மாட்டேன் என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பால் கதை பொய்தான், உனக்காகத்தான் சொன்னேன், டாக்டர் சொன்னது பொய் இல்லை, நீயே காதால் கேட்டாயே என்றார்.

“மூணு நாளா அவரை அண்ணன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் அத்தா,” என்றாள். “எத்தனை வருஷமா மனசுல இருந்ததையெல்லாம் பாவம்னு நெனச்சு, உக்காந்து உக்காந்து அல்லாகிட்ட தவ்பா கேட்டேன். அவரும் கேட்டிருப்பாரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல.”

“சொல்லிருந்தா நீ வெளியில சொல்லிடுவியோன்னு.”

“ரத்தம் பாக்கலாம்னு நானே அவர்கிட்ட பேசிருப்பேன். அவர் கேட்டிருப்பாரு. இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டு டெஸ்ட் எடுங்கன்னு சொல்றது? உங்கத்தா அடுத்த கதை கட்டுறாருன்னு நெனைக்க மாட்டாரா?” பிறகு, “நான் மாட்டேன்னு சொன்னா ரைஹானா மச்சி இந்த வீட்டுல எப்படி இருப்பாங்க? இஃப்ரா எங்க போவா? நடக்கிறது நடக்கட்டும் அத்தா. நீங்க இனிமே எதுவும் பண்ணாதீங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் செய்யவில்லை. கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டார், இரண்டு தடவை. வரவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை கேட்கும்போது, வந்தாலும் அதை யாரிடம் போய்க் காட்டுவது என்று அவருக்கே தோன்றி, பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். சந்தைக்குப் போனார். ஜெயவேலு, நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மச்சான் என்று குற்றவாளி மாதிரி விழித்தார். உன்மேல என்ன இருக்கு என்று சொல்லிவிட்டு மைதீன் பிச்சை பெல்ட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

முடிச்சூர் சாலை மண்டபத்தில் குறித்த நாளில் நிக்காஹ் நடந்தது. நல்ல கூட்டம். பரிதா பட்டுக் கட்டிக்கொண்டு வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். அண்ணனையும் கூப்பிட்டாள், குறை வைக்கவில்லை. சொந்தம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டீர்கள் பாய் என்று இரண்டு மூன்று பெரியவர்கள் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஷாகுல் கத்தாரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளைக்கு எதிரே மைதீன் பிச்சையை உட்கார வைத்தார்கள். பெண்ணைக் கொடுக்கிறவர் தகப்பன்தானே. ஹஜ்ரத் அவர் கையை எடுத்து அக்தர் கையோடு சேர்த்துவைத்தார். உடனே விடாமல் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களின் வளையல் சத்தம் கேட்டது. அக்தரின் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. பிறந்த இருபது நாளும் தான் பால் கரைத்துக் கொடுத்த பிள்ளை. அவன் ரத்தத்தில் என்ன இருக்கிறது, தன் மகள் ரத்தத்தில் என்ன இருக்கிறது, இங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது.

ஹஜ்ரத் மெதுவான குரலில் வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தார். என் மகள் ஷபீனாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று மைதீன் பிச்சை சொன்னார்.

கேட்கவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மைக்கை அவர் வாயருகே நகர்த்தி வைத்தார்கள். அவர் இன்னொரு தடவை சொன்னார்.